பருத்தி தந்த பந்து – 3: நான்கு அங்குலப் பலகை

லண்டனில் அலெக்சாண்டர் பார்க்ஸின் கம்பெனி 1868-ல் மூடப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பருத்தியை அமிலத்தில் தோய்த்து, கரைப்பான்களை ஊற்றிப் பிசைந்து அவர் செய்த சாமான்கள் நாளாக நாளாகச் சுருங்கிக் கோணிக்கொண்டன. வாங்கியவர்கள் திருப்பித் தந்தார்கள். கதை அதோடு முடிந்திருக்கும், அட்லாண்டிக் கடலுக்கு அக்கரையில் ஒரு அச்சுத் தொழிலாளி இல்லாமல் போயிருந்தால்.

அவர் பெயர் ஜான் வெஸ்லி ஹயாட். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத்துக்காரர். முறையாக வேதியியல் படித்தவரல்ல. 1863-ல் பில்லியர்ட்ஸ் மேசை விற்கும் நிறுவனம் ஒன்று, யானைத் தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்திருந்தது. ஒரு தந்தத்தைக் கடைந்தால் நல்ல பந்துகள் சிலதான் தேறும். அந்தச் சில பந்துகளுக்காக ஒரு யானை சாக வேண்டும். பகலில் அச்சகம், இரவில் ஆராய்ச்சி என்று ஹயாட் இறங்கிவிட்டார்.

அச்சுத் தொழிலாளர்கள் விரல் தோல் உரியாமலிருக்க கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைத் தடவிக்கொள்வது வழக்கம். அமிலத்தில் பதப்படுத்திய பருத்தியை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கிடைப்பது அது. ஒருநாள் ஹயாட் அலமாரியைத் திறந்தபோது கொலோடியன் குப்பி கவிழ்ந்து கிடந்தது. சிந்திய திரவம் காய்ந்து, கட்டைவிரல் நகம்போல ஒரு சில்லாக இறுகியிருந்தது. அதைப் பெயர்த்தெடுத்துப் பார்த்தார். நகத்தைப் போலவே உறுதி, நகத்தைப் போலவே வளைவு. அன்று பிடித்த வழியை அவர் விடவேயில்லை.

முதலில் பந்துகளின் மேல் கொலோடியன் பூசி விற்றார். கொலராடோவிலிருந்து ஒரு விளையாட்டு விடுதி உரிமையாளர் கடிதம் எழுதினார். பந்துகள் வேகமாக மோதினால் சில சமயம் வெடிச் சத்தம் கேட்கிறது. தனக்கு அது பெரிதில்லை. ஆனால் சத்தம் கேட்டதும் அறையில் உள்ள அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள் என்றார். காரணம் பருத்தியிலேயே இருந்தது. அமிலத்தின் வீரியத்தைக் கூட்டினால் அதே பஞ்சு வெடிமருந்தாகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், பார்க்ஸைக் கவிழ்த்த அதே சிக்கல்தான். கரைப்பான் ஆவியாகிப் போகும்போது பொருள் சுருங்குகிறது. அப்படியானால் திரவமே இல்லாமல் கரைக்க முடியுமா? ஹயாட்டுக்கு விடையாக வந்தது கற்பூரம். கோயிலில் தீபாராதனைக்கு ஏற்றுகிறோமே, அதே கற்பூரம்; அன்று மரத்திலிருந்து வடித்தெடுத்தது. பார்க்ஸும் அதைத் தொட்டிருந்தார், ஆனால் வேறு திரவங்களோடு கலந்து. ஹயாட் வேறு விதமாக யோசித்தார். பதப்படுத்திய கூழோடு கற்பூரப் பொடியைக் கலந்து, சூடாக்கி அழுத்தினால், கற்பூரமே உருகிக் கரைப்பானாகும். ஆறியபின் உள்ளேயே தங்கிவிடும். சுருக்கத்துக்கு இடமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோளத்திலும் கரும்பிலும் பிளாஸ்டிக் செய்வதை இன்று புதுமை என்கிறோம். ஆனால் ஹயாட்டின் அச்சில் இருந்தது செடியின் நார், மரத்தின் கற்பூரம். பிளாஸ்டிக்கின் தாய்வீடு வயலும் காடும்தான்; பெட்ரோலியம் பிற்பாடு வந்து குடியேறியது. திரும்பிப் போக ஒரு வழி உண்டு என்று நான் நம்புவதற்கு இந்த வரலாறே காரணம்.

கற்பூர யோசனை சரிதான். ஆனால் வெடிமருந்தின் உடன்பிறப்பைச் சூடாக்கி இரும்பு அச்சில் நசுக்குவதா? யோசனை கேட்க அழைத்த நியூயார்க் பேராசிரியர் விஷயத்தைக் கேட்டதும் எச்சரித்தார்: சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் ஆட்களும் கட்டடமும் அக்கம்பக்கமும் சேர்ந்து வானத்தில் பறக்கும்.

ஹயாட் வாதாடவில்லை. மறுநாள் மதியம், தனியாக இருந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குள் வேலையைத் தொடங்கினார். நான்கு அங்குலக் கனமுள்ள மரப்பலகை ஒன்றை இடுக்கியில் நிறுத்தி இறுக்கினார். ஒரு பக்கம் கலவையை ஏந்திய அழுத்த இயந்திரம். மறுபக்கம் அவர்.

சூடு ஏற ஏற, பேராசிரியர் சொன்ன எல்லையும் தாண்டியது. அவர் நிறுத்தவில்லை. அச்சின் இடுக்கிலிருந்து புகை சீறத் தொடங்கியது...

(தொடரும்)