கொல்வது கிருமியா, உடலின் கோபமா?

கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்தாகிவிட்டது. ரத்தத்தில் கிருமிகளும் குறைந்துவிட்டன. ஆனாலும் நோயாளியின் ரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழக்கிறது. கிருமி செத்த பிறகும் மனிதன் ஏன் சாகிறான்? செப்சிஸ் என்ற நோயின் வரலாறே இந்தக் கேள்வியின் வரலாறுதான்.

1892ல் பெர்லினில், ராபர்ட் கோக்கின் கீழ் பணிபுரிந்த ரிச்சர்ட் ஃபைஃபர் காலராக் கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். செத்த கிருமிகளே விலங்குகளைக் கொன்றன! கிருமியின் உடலோடு ஒட்டியிருந்த அந்த நஞ்சுக்கு எண்டோடாக்சின் என்று பெயர் வைத்தார். நஞ்சு நேரடியாகத் தாக்கிக் கொல்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது.

1972ல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் வேறொரு கருத்தை எழுதினார். கிருமிகளைவிட, அவற்றைக் கண்டதும் நம் உடல் கையில் எடுக்கும் ஆயுதங்களால்தான் நமக்கு ஆபத்து அதிகம் என்றார் அவர்.

ஆதாரம் 1985ல் கிடைத்தது. நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றையொன்று உஷார்ப்படுத்தச் சுரக்கும் புரதங்களுக்கு சைட்டோகைன்கள் என்று பெயர். அவற்றில் ஒன்று டி.என்.எஃப். காயம் பட்ட இடத்தில் கொஞ்சமாகச் சுரந்தால் அது வெள்ளையணுக்களை வரவழைக்கும். உடல் முழுக்கச் சுரந்தால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும், ரத்த அழுத்தம் விழும். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லரும் அந்தோணி செராமியும் டி.என்.எஃப்-ஐ முடக்கும் எதிர்ப்பொருளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு எண்டோடாக்சினைச் செலுத்தினர். பல எலிகள் பிழைத்தன. 1987ல் கெவின் ட்ரேசி குழுவினர் பபூன் குரங்குகளிலும் இதேபோன்ற பலனைக் கண்டனர்.

இனி மனிதர்களுக்கும் இதைக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் நடந்தது வேறு. டி.என்.எஃப்-ஐப் பிடித்து முடக்கும் ஒரு மருந்தை 141 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1996ல் வெளியானது. மருந்து பெறாதவர்களில் 30 சதவீதம் பேர் இறந்திருந்தனர். அதிக அளவு மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 53 சதவீதம்! வேடிக்கை என்னவென்றால், எடனெர்செப்ட் என்ற அதே மருந்து 1998ல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்று, பலருக்கு நிவாரணம் தந்தது.

ஏன் இந்தத் தோல்வி? எலிக்கும் குரங்குக்கும் மருந்து முன்கூட்டியே தரப்பட்டது. மனிதனோ நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறான். மேலும், அவன் உடலில் உயிருள்ள கிருமிகள் இருக்கின்றன. அவற்றோடு போராடவும் டி.என்.எஃப் தேவை.

இன்னொரு காரணமும் இருந்தது. அழற்சி பொங்கும்போதே அதை அடக்கும் எதிர்வினையும் உடலில் எழுகிறது என்று 1996ல் ரோஜர் போன் சுட்டிக்காட்டினார். 2011ல் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள், செப்சிஸால் இறந்தவர்களின் மண்ணீரல் செல்களைத் தூண்டிப் பார்த்தபோது அவை மிகக் குறைவான சைட்டோகைன்களையே சுரந்தன. கோபம் தணியாமல் இறந்தவர்கள் அல்ல இவர்கள், போராடிக் களைத்துப்போனவர்கள். இத்தகையவர்களுக்கு மேலும் அடக்கும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும்?

2016ல் செப்சிஸின் வரையறையே மாறியது. அதன் அடையாளமாக 1992 முதல் இருந்த காய்ச்சல், நாடித்துடிப்பு, வெள்ளையணு எண்ணிக்கை போன்ற அழற்சி அளவுகோல்கள் கைவிடப்பட்டன. தொற்றுக்கு உடல் தரும் பதில் ஒழுங்கு தவறி, உயிருக்கு ஆபத்தான அளவில் உறுப்புகள் செயலிழப்பதே செப்சிஸ் என்றானது.

2020ல் கோவிட் காலத்தில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு இந்தப் பாடத்தை உறுதி செய்தது. டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலன் எதுவும் இல்லை.

உடலின் கோபத்தை அடக்க மருந்துகள் இருக்கின்றன. யாருக்கு, எந்த நேரத்தில் அடக்க வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. 1996ல் அதைக் கேட்காமல் போனதன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள்.