பிராங்க்ளின் வீட்டு மணியும் என் மொட்டைமாடி ஆன்டெனாவும்

பிக்கானேரில் மே, ஜூன் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மேற்கு வானம் செம்மண் நிறத்துக்கு மாறினால் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். 'ஆந்தி' வருகிறது என்று அர்த்தம். புழுதிப் புயல்.

அப்படி ஒரு சாயங்காலம். வங்கியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஹாம் ரேடியோவின் பின்பக்கம் செருகியிருந்த ஆன்டெனா கேபிளைக் கழற்றி மேஜை மேல் போட்டேன். இனி பயமில்லை என்று நினைப்பு. பத்து நிமிஷத்தில் மேஜையிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். கேபிள் நுனியில், நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே நீலப் பொறி! இடியும் இல்லை, மின்னலும் இல்லை. வெறும் புழுதிதான். நகர்த்தி வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். முழங்கை வரைக்கும் ஒரு அறை. முந்தின வருஷம் என் ரிசீவர் திடீரென்று செவிடாகிப் போனதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நான் பி.காம். இயற்பியல் எல்லாம் சொந்த ஆர்வத்தில் படித்ததுதான். ஏன் இப்படி என்று தேடப் போனால் பழைய கதைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன.

முதல் கதை லாகூர், 1847. அங்கே பேட்லி என்ற ராணுவ மருத்துவர் இருந்தார். வீட்டுக் கூரையில் மூங்கில் நட்டு, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பியை எங்கும் தரையைத் தொடாதபடி அறைக்குள் கொண்டுவந்தார். பக்கத்திலேயே தரையோடு இணைத்த இன்னொரு கம்பி. ஒரு சின்னப் புழுதிப் புயல் கடந்து போனபோது ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குப் பொறி பறந்தது. என் மேஜையில் நடந்தது அச்சு அசலாக அதுவேதான்! மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி மின்னூட்டம் பெறுகின்றன. கம்பியில் வந்து மோதும்போது அதைக் கம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகின்றன.

பேட்லி தரைக்கம்பியைப் பக்கத்தில் வைத்திருந்தார். அதனால் பொறிக்குப் போக ஒரு இடம் இருந்தது. அவருக்கு 94 வருஷம் முன்னால் ஒருவருக்கு அது வாய்க்கவில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1753 ஆகஸ்ட் 6. கியோர்க் ரிக்மன் அங்கே அறிவியல் கழகப் பேராசிரியர். வீட்டுக் கூரையில் இரும்புக் கம்பி, அதிலிருந்து அறைக்குள் ஓர் இணைப்பு, அதன் முடிவில் ஒரு நூல். மின்னூட்டம் ஏறினால் நூல் விலகும், எவ்வளவு கோணம் என்று அளக்கலாம். அளக்க வேண்டுமென்றால் மின்சாரம் தரைக்கு ஓடிவிடக் கூடாதே. அதனால் வேண்டுமென்றேதான் எர்த் கொடுக்கவில்லை. இடிச்சத்தம் கேட்டதும் கழகத்திலிருந்து சொகோலவ் என்ற செதுக்கோவியரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கருவியை நோக்கிக் குனிந்தவரின் நெற்றியில் கம்பியிலிருந்து நெருப்பு பாய்ந்தது. சொகோலவ் பிழைத்தார். ரிக்மன் அந்த இடத்திலேயே போய்விட்டார். அதே நேரம் தன் வீட்டில் அதே மாதிரிக் கருவியோடு நின்றிருந்தவர் அவருடைய நண்பர் லொமனோசவ். ரிக்மனின் மனைவி மக்களுக்கு உதவ வேண்டும், இந்தச் சாவைக் காட்டி அறிவியலைப் பழிக்கக் கூடாது என்று அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

ரிக்மன் செத்தது மின்னலால். நான் வாங்கியது வெறும் அறை. ஒப்பிடவே கூடாது, சரி. ஆனால் ஏற்பாடு ஒன்றுதான். கேபிளைக் கழற்றி அறைக்குள் போட்டபோது, எர்த் இல்லாத ரிக்மனின் கம்பியை என் மேஜை மேலேயே செய்து வைத்திருந்தேன்.

இப்போது பிராங்க்ளினுக்கு வருவோம். 1752 செப்டம்பரில் பிலடெல்பியாவில் தன் வீட்டுப் புகைபோக்கியில் கம்பி நட்டு, மாடிப்படி வழியாகத் தரைக்கு இறக்கினார். தன் அறை வாசலுக்கு எதிரே கம்பியை வெட்டி, ஆறு அங்குல இடைவெளி விட்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு மணி, நடுவே பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. மேகம் வந்தால் மணி அடிக்கும். அவர் லண்டன் போன பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் மனைவி டெபோராவுக்குப் பயம். 1758-ல் பிராங்க்ளின் எழுதிய பதில் எளிமையானது: மணிக்கு மணி ஒரு கம்பியைக் கட்டிவிடு, சத்தமில்லாமல் போய்விடும்.

நம் பிரச்சினைக்கு முழு விடையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பேன்!

இதே பீட்டர்ஸ்பர்க்கில்தான் 1895-ல் பப்போவ், இடிமின்னலைத் தூரத்திலிருந்தே உணர்ந்து மணியடிக்கும் கருவியைக் காட்டினார். அதில் மேலே போன கம்பிதான் நம் ஆன்டெனாவின் மூதாதை. அவர் அதன் கீழ்முனையை எர்த்தோடு இணைத்திருந்தார். அதை மறந்தது நாம்தான்.

சாதாரண டைபோல் ஆன்டெனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் நடுக்கம்பி ஒரு கையோடும் வெளிப்பின்னல் மறு கையோடும் இணைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நேர்மின்சாரத்துக்கு வழியே கிடையாது. என் 20 மீட்டர் கேபிள் ஏறக்குறைய 2000 பிகோஃபாரட் மின்தேக்கி. வங்கி பாஷையில் சொன்னால், வரவு மட்டும் விழுகிற, எடுக்கவே முடியாத கணக்கு. நிறைந்தால் உடையும்.

வைத்தியம்: வெளிப்பின்னலை வீட்டுக்கு வெளியிலேயே நல்ல எர்த்தில் இணைப்பது, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் குறுக்கே 1 லட்சம் ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுவது. 50 ஓம் கேபிளில் 100 வாட் அனுப்பினாலும் அது தின்பது 0.05 வாட்தான். ஆனால் சேரும் மின்னூட்டம் சேரச் சேர வடிந்துகொண்டே இருக்கும். நேரடி மின்னலுக்கு இது போதாது. அதற்கு வெளியே அரெஸ்டர் வேண்டும்; கழற்றிய கேபிள் நுனியும் வீட்டுக்கு வெளியே எர்த்தோடு இருக்க வேண்டும், மேஜை மேல் அல்ல.

ரெசிஸ்டர் விலை சில ரூபாய். அதற்கப்புறம் வந்த ஆந்தியில் கேபிள் பக்கத்திலேயே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். ஜன்னலில் மணல் அடிக்கிற சத்தம் மட்டும்தான்.

டெபோரா அம்மாளும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார் :-)