பாலபாடத்தின் பழைய வழி

தென்னாட்டில் சங்கீதம் பயிலத் தொடங்கும் குழந்தை, சுருதியை மனத்தில் வாங்கிக்கொண்டு, ஆதி தாளத்தின் எட்டு அக்ஷரங்களைத் தொடையில் தட்டியபடி, மாயாமாளவகௌளை ராகத்தில் கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை ஏறி இறங்கும் அந்த முதல் நாளில், தான் சாஸ்திரம் படிப்பதாக எண்ணுவதில்லை. குரலைப் பழக்குவதாகவே எண்ணுகிறது. ஆயினும் ஸ்வரம், ஸ்தாயி, தாளம், காலப்பிரமாணம் என்னும் இசையிலக்கணத்தின் தூண்கள் நான்கும் அந்த ஏற்ற இறக்கத்திற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இலக்கணமும் அப்பியாசமும் இவ்வாறு பிரிக்க இயலாதபடி பிணைந்து நிற்பதே நமது பாலபாடத்தின் தனிச்சிறப்பு என்பது என் துணிபு. இப்பிணைப்பு நெடுங்காலமாக வளர்ந்தது. அச்சுப் புத்தகமும் பரீட்சையும் வந்த பிறகே அது தளரத் தொடங்கிற்று.

1892-இல் உ.வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அச்சிட்டு வெளிக்கொணர்ந்தபோது, தமிழ் மக்கள் தம் முன்னோருடைய இசை இலக்கணத்தின் விரிவை மீண்டும் அறியும் வாய்ப்பைப் பெற்றனர். அரங்கேற்று காதை இசையாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் குழலோனுக்கும் உரிய தகுதிகளை விரித்துரைக்கிறது. ஆய்ச்சியர் குரவையோ அதனினும் வியக்கத்தக்கது: மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி, ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அவர்களுக்கே ஸ்வரங்களின் பெயரைச் சூட்டி, குரலாக நின்றவளை மாயவன் என்றும், இளியாக நின்றவளைப் பலதேவன் என்றும், துத்தமாக நின்றவளை நப்பின்னை என்றும் பாவித்து ஆடச் செய்கிறாள். நிற்கும் இடத்தினாலேயே ஒரு ஸ்வரத்திற்கும் மற்றொரு ஸ்வரத்திற்கும் உள்ள உறவு தெளிவாகிவிடுகிறது. சுவடி இல்லை, சூத்திரம் இல்லை. ஆடுகிறவர்களின் உடம்பே இலக்கணமாகிறது.

புதுக்கோட்டைச் சீமையில் குடுமியான்மலை என்றோர் ஊர் உண்டு. அங்கே சிகாநாதசுவாமி கோயிலையொட்டிய குன்றின் முகத்தில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ கிரந்த எழுத்துக்களால், ஏழு பகுதிகளாக, நந்நான்கு ஸ்வரங்கள் கொண்ட கோவைகள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஸ்வரம் உயிரெழுத்து மாறி வெவ்வேறு வடிவங்களில் வருவதன் நுட்பத்தைப் பற்றி அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதனைச் செய்தவன் மகேந்திரவர்ம பல்லவன் என்று பலர் கருதினும் கல்வெட்டு அப்பெயரைக் கூறவில்லை. ருத்ராசாரியாரின் சீடனும் பரம மாகேசுவரனுமாகிய ஓர் அரசன் என்றே அது சொல்லி நிறுத்திவிடுகிறது. ஆனால் எந்தப் பிரயோஜனத்தைக் கருதி அவன் இதைச் செய்தான் என்பதை மட்டும் ஐயத்துக்கிடமின்றித் தெரிவிக்கிறது: மாணாக்கர்களின் நன்மைக்காக. யுத்தத்தில் பெற்ற வெற்றிகளையும் கோயிலுக்கு விட்ட நிலங்களையும் கல்லில் பொறிப்பது மன்னர்க்கு வழக்கமாயிருந்த காலத்தில், தன் பெயரையும் மறைத்துக்கொண்டு, வீணை பயிலும் சிறுவர்களுக்குப் பாடத்தைப் பாறையில் வெட்டி வைத்த அவ்வரசனின் உள்ளத்தை நினைக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தக் கல்லில் விளக்கவுரை எதுவும் இல்லை. வாசிக்க வேண்டிய ஸ்வரக் கோவைகளே உள்ளன. அதாவது சாஸ்திரம் அங்கேயும் அப்பியாசத்தின் உருவத்திலேதான் இருக்கிறது.

இன்று நாம் பயிலும் பாடமுறையை வகுத்தவர் விஜயநகர காலத்துப் புரந்தரதாசர் (1484–1564) என்று மரபு ஒருமுகமாகச் சொல்லுகிறது. ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, சப்த தாள அலங்காரங்கள், அவற்றின் பின் மலஹரி ராகத்துப் பிள்ளையார் கீதங்கள் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் இம்முறையைக் கூர்ந்து நோக்கினால், ஒவ்வொரு படியும் ஒவ்வோர் இலக்கணப் பிரச்சினையைத் தீர்ப்பதற்காகவே அமைந்திருப்பது விளங்கும். ஜண்டை வரிசையில் ஒரே ஸ்வரத்தை இரட்டித்து, இரண்டாவதை அழுத்திப் பாடும்போது குரல் கமகத்திற்குத் தயாராகிறது. தாட்டு வரிசையில் ஸ்வரத்தை விட்டுத் தாவும்போது இடைவெளிகளைச் செவி அளக்கக் கற்கிறது. அலங்காரங்களிலோ துருவம் முதல் ஏகம் வரையிலான ஏழு தாளங்களும், லகுவும் திருதமும் அனுதிருதமும், விரலெண்ணிக்கையாகவே உடம்பில் ஊறிவிடுகின்றன.

முதற்பாடத்திற்கு மாயாமாளவகௌளையைத் தேர்ந்ததில் உள்ள ஞானத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஷட்ஜத்திற்கும் சுத்த ரிஷபத்திற்கும் இடையே சிறிய தூரம்; அங்கிருந்து அந்தர காந்தாரத்திற்குப் பெரிய தாவல்; காந்தாரத்திலிருந்து மத்தியமத்திற்கு மீண்டும் சிறிய தூரம். பஞ்சமத்திற்கு மேலே தைவதமும் காகலி நிஷாதமும் மேல் ஷட்ஜமும் அதே அமைப்பில் நிற்கின்றன. பூர்வாங்கத்தைக் கற்ற குழந்தை உத்தராங்கத்தை ஏறத்தாழ ஏற்கெனவே கற்றதாகிறது; நெருங்கி நிற்கும் ஸ்வரத்தையும் விலகி நிற்கும் ஸ்வரத்தையும் ஒரே மூச்சில் பாடி, அவற்றின் பேதத்தை வாயால் விவரிக்கத் தெரியுமுன்பே தொண்டையால் உணர்ந்துவிடுகிறது. அதன் பின் வரும் மலஹரியும் இதே மேளத்தில் பிறந்தது. நிஷாதத்தை முழுவதும் நீக்கி, காந்தாரத்தை ஏற்றத்தில் மட்டும் விலக்கிய ஜன்யம். ஜனகம், ஜன்யம், வர்ஜம் என்னும் சொற்களை ஆசிரியர் உச்சரிக்காவிட்டாலும், அவற்றின் பொருள் மாணவனுக்குச் சித்தித்துவிடுகிறது.

பதினேழாம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர்களின் அமைச்சரான கோவிந்த தீக்ஷிதரின் புதல்வர் வேங்கடமகி, சதுர்தண்டிப் பிரகாசிகையில் எழுபத்திரண்டு மேளங்களுக்கு இடமுண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார். அவற்றுள் தம் காலத்து வழக்கில் இருந்த பத்தொன்பதையே விவரித்தார். இசையிலக்கணம் முழுமையான கணித வடிவம் பெற்றது அப்போதுதான். பிற்காலத்தார் மேளங்களின் பெயர்களுக்கு முன் கடபயாதி எழுத்துக்களைச் சேர்த்து, பெயரைக் கொண்டே எண்ணைக் கண்டறியச் செய்தனர்; மாளவகௌளை ‘மாயா’ என்னும் அடைபெற்றுப் பதினைந்தாவது மேளமானது இவ்வாறே.

இவையெல்லாம் நெடுங்காலம் குருவின் வாயிலிருந்து சிஷ்யனின் செவிக்கே சென்றுகொண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்கள் ஆரம்ப மாணவர்களுக்கென்றே தெலுங்கில் நூல்களை அச்சிட்டனர். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவாலும் சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டு, கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளையும் அமைத்தார். அடுத்த ஆண்டே, முதுமையையும் பொருட்படுத்தாமல், பிரதமாப்பியாச புஸ்தகம் என்ற பாலபாட நூலையும் எழுதினார். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர், தெலுங்கு அறியாத பிள்ளைகளும் பொருளுணர்ந்து பாட வேண்டுமென்று தமிழிலே கீதங்களை இயற்றியளித்ததோடு, 1917-இல் கருணாமிர்த சாகரத்தையும் வெளியிட்டார். பின்னர் 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையும், 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்ட அரசாங்க இசைக் கல்லூரியும் தோன்றின.

இவற்றால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. குருவின் வீட்டில் இடம் பெற இயலாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, வித்தையின் கதவு திறந்தது. ஆனால் அதே வேளையில் ‘சாஸ்திரம்’ என்பது தனிப் பாடமாகவும் தனி வினாத்தாளாகவும் பிரிந்து நின்றது. மேளகர்த்தா சக்கரத்தைப் பிழையின்றி வரைந்து காட்டுகிற மாணவன், சுத்த ரிஷபத்தையும் சதுச்ருதி ரிஷபத்தையும் செவியால் பிரித்தறிய மாட்டாமல் நிற்பதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். குற்றம் புத்தகத்தினுடையதன்று, புத்தகத்தை முன்னும் பாட்டைப் பின்னும் வைத்த வரிசையினுடையது.

ஆகையால் இளம் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஸரளியையும் ஜண்டையையும் மூன்று காலங்களிலும், சுருதி வழுவாமல், கையில் தாளம் பிசகாமல் அவர்கள் பாடும் வரையில் இலக்கணக் குறிப்பேட்டைத் திறக்க வேண்டாம், திறந்த பிறகும், அதில் எழுதும் ஒவ்வொரு பெயரையும் அவர்களைப் பாடிக்காட்டச் சொல்லிய பின்னரே அடுத்த பெயரை எழுதச் சொல்லுங்கள்.