சிணுங்கி எழும்பும் பிள்ளை: உறக்கத்தில் நிகழும் சிசு மரணங்கள் பற்றி

இரவு முழுக்க அசையாமல் தூங்கும் குழந்தையை "நல்ல பிள்ளை" என்கிறோம். அடிக்கடி சிணுங்கி எழும்பும் பிள்ளையின் தாய்க்கோ, "பால் காணாது போல, மாப்பால் குடு" என்ற அறிவுரைதான் கிடைக்கிறது. ஆனால் குழந்தைகளின் உறக்கத்தை ஆராய்ந்தவர்கள் இதை வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். முதல் ஆறு மாதங்களில் இந்த விழிப்பு பிள்ளையின் உயிர்க்காவல்.

நலமாக இருந்த, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறக்கத்தில் இறந்துவிடுகிறது. பிரேத பரிசோதனையிலும், இறந்த இடத்தைப் பார்வையிட்டதிலும், மருத்துவ வரலாற்றிலும் காரணம் அகப்படவில்லை. இதையே திடீர்ச் சிசு மரணம் என்கிறார்கள். இரண்டு தொடக்கம் நான்கு மாதக் குழந்தைகளிடையே இது அதிகம். சுமார் 90 வீதமானவை ஆறு மாதத்துக்குள் நிகழ்கின்றன.

உறங்கும் பிள்ளையின் முகம் மெத்தையிலோ துணியிலோ புதைந்தால், தான் விட்ட மூச்சையே அது மீண்டும் இழுக்கிறது. ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு கூடுகிறது. மூளைத்தண்டு இதை உணர்ந்ததும் ஒரு பெருமூச்சு வரும், உடல் திடுக்கிடும், இதயத்துடிப்பு கூடும், தலை திரும்பும். இறுதியில் மூளையின் மேற்பட்டையும் விழித்து, பிள்ளை அழும்.

சில பிள்ளைகளில் இந்தச் சங்கிலி இடையில் அறுந்துபோகிறது. உறக்கம் பதிவு செய்யப்பட்டு, பின்னாளில் திடீரென இறந்த 16 குழந்தைகளின் பதிவுகளை, உயிரோடிருக்கும் 16 குழந்தைகளின் பதிவுகளுடன் ஒப்பிட்ட ஆய்வொன்று 2003 இல் வெளியானது. இறந்தவர்களில் மூளைத்தண்டு எழுப்ப முயன்றிருந்தது, ஆனால் முழு விழிப்பு குறைவாகவே இருந்தது. இப்படி இறந்த பல குழந்தைகளின் மூளைத்தண்டில் செரட்டோனின் தொகுதி பிறழ்ந்திருந்ததை 2006 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். எந்தக் குழந்தைக்கு இந்தப் பலவீனம் உண்டென்று முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை இன்றுவரை இல்லை. "தாய் நித்திரையாகிவிட்டாள்" என்று பழி போடும் ஊர் வாய்க்கு இது தெரிய வேண்டும்.

குப்புறப் படுக்கும் பிள்ளையை எழுப்புவது கடினம். கர்ப்பத்திலும் பிறகும் புகையிலைப் புகை பட்ட பிள்ளைக்கும், குறைமாதப் பிள்ளைக்கும் விழிப்பு மந்தம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை இலகுவாக விழிக்கிறது, அதன் அபாயமும் குறைவு.

குப்புறப் போடும் வழக்கத்தை மேற்குலகில் பரப்பியதில் வைத்தியர்களுக்கும் பங்குண்டு. பெரிதும் விற்பனையான பெஞ்சமின் ஸ்பொக்கின் குழந்தை வளர்ப்பு நூல் 1950களின் பிற்பகுதியிலிருந்து அதைப் பரிந்துரைத்தது. நியூசிலாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் "நிமிர்த்திப் படுக்க வையுங்கள்" என்ற பிரசாரம் தொடங்கியபின், இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, படுக்கும் பக்கம் மட்டுமே மாறியது.

நிமிர்த்திப் போட்டால் பால் புரைக்கேறும் என்று இங்கு பலர் அஞ்சுகிறார்கள். "பால் புரையேறி மரணம்" என்ற செய்திகளை நாமும் அடிக்கடி வாசிக்கிறோம். ஆனால் நிமிர்ந்து கிடக்கையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறக் கிடந்தால் நிலை தலைகீழ். இறக்கும் தறுவாயில் வயிற்றிலுள்ள பால் மேலே வருவதும் உண்டு என்பதால், வாயில் பால் இருந்ததை மட்டும் வைத்து அதுதான் காரணமென்று சொல்லிவிட முடியாது.

ஏணை பற்றியும் கேட்பார்கள். தட்டையான, உறுதியான படுக்கையே பரிந்துரைக்கப்படுகிறது. தொய்ந்த துணியில் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சுவழி நெருங்கலாம், முகமும் துணியில் புதையலாம். ஏணையில் உறங்கினால் கண்பார்வையில் வைத்திருந்து, பின் பாயிலோ தொட்டிலிலோ மாற்றுங்கள். தலையணை, தடித்த போர்வை வேண்டாம். பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் கிடத்துவது நல்லது. மது அருந்தியவரோ புகைப்பவரோ பிள்ளையோடு ஒரே படுக்கையில் உறங்கவே கூடாது.

நிமிர்ந்து உறங்கிப் பழகிய பிள்ளையை ஒருநாள் மட்டும் குப்புறப் போடுவது மிகவும் ஆபத்தானது. தாய் வேலைக்குப் போகும் வீடுகளில், பகலில் பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.