ஜெய்லானி மலையின் மூன்று அடுக்குகள்

இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடைக்கு அப்பாலுள்ள கூரகல மலையை எங்கட பெரியவர்கள் தப்தர் ஜெய்லானி என்பார்கள். கி.பி. 1166இல் பக்தாதில் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வந்தபோது இங்குள்ள குகையில் தங்கி வணங்கினார்கள் என்பது நம் மரபு.

அதே மலையின் குகைகளில் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவிலான பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. அவை பௌத்த துறவிகளுக்கு வழங்கிய குகைத் தானத்தைச் சொல்கின்றன. அகழ்வில் அதற்கும் முந்திய கற்கால மனிதரின் எச்சங்கள் கிடைத்தன. இந்த வட்டாரத்து ஆதிமனிதனுக்குத்தான் பி.ஈ.பி. தெரணியகல ‘பலாங்கொடை மனிதன்’ என்று பெயரிட்டார்.

ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்றது பொய்யாகிவிடாது. ஆனா, மற்ற இரண்டுக்கும் கல்லும் எலும்பும் சாட்சி. நம்முடையதோ பெரும்பாலும் வாய்மொழி. 2013இல் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த கட்டடங்கள் அகற்றப்பட்டபோது, எடுத்துக்காட்ட நம்மிடம் இருந்தது பலாங்கொடைப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த எம்.எல்.எம். அபூசாலியின் நூல் போன்ற சிலவே.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் அந்தக் கந்தூரிக்குப் போய்வந்த வாப்பாமார், உம்மாமார் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பழைய படமிருந்தால் ஆண்டு குறித்து வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.