சங்கக்கடை பூட்டியிருந்த நாட்களில்

சங்க வரலாறு எழுதும்போது அதிபர்கள், கட்டடங்கள், பரிசளிப்பு விழாக்கள் என்றே பட்டியல் நீளும். அவையெல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் உண்டு. நாம் எழுத எடுத்துக்கொண்டது எமது வீட்டுக் குசினிகளின் வரலாறு. எமது சங்கம் கடந்துவந்த நூறு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் குசினி ஐந்து தடவையாவது கடையை நம்ப முடியாத நிலைக்கு வந்தது.

முதலாவது 1942. பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது. அம்மம்மாமார் கோதுமை மாவை அவித்து, அரித்து, அரிசிமாவைப் போலவே புட்டும் இடியப்பமும் ஆக்கிக்கொண்டார்கள். அடுத்தது 1970களின் முற்பகுதி. இறக்குமதிக் கட்டுப்பாடு, விடியமுன் பாண் வரிசை, வீட்டுக்கு வீடு மரவள்ளி. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட எமது கமக்காரருக்கு அதுவே நல்ல காலமாக இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

எமது வகுப்பினர் நேரே கண்டது 1990 யூனில் தொடங்கியது. மின்சாரம் போனது. எரிபொருள், பற்றரி, உரம் எல்லாவற்றுக்கும் தடை. சங்கக்கடை (நம் சங்கமல்ல, கூட்டுறவுச் சங்கம்) பூட்டிக் கிடக்கும், திறந்தால் வரிசை. வீட்டுக்கொருவர் கூப்பனுடன் ஓட, மற்றவர்கள் வளவைச் சுற்றிப் பார்ப்பார்கள். வேலியில் முசுட்டை, மொசுமொசுக்கை, குறிஞ்சா, கிணற்றடியில் வல்லாரை, பொன்னாங்காணி, கொல்லையில் முருங்கை, பனங்காணியில் கிழங்கு. அன்றைய சமையலைத் தீர்மானித்தது இந்தச் சுற்றுத்தான்.

அரிசிமா குறைந்தால் குரக்கன்மாவோ ஒடியல்மாவோ சேரும். அதுவும் குறைந்தால் முருங்கையிலையை அரிந்து கலந்து நீத்துப்பெட்டியில் அவிப்பார்கள், பெட்டி நிறைந்துவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துப் பிளேன்ரீ. பால்மாவுக்குப் பதில் பக்கத்து வீட்டு ஆடு. பனைமட்டை, பன்னாடை, ஊமல் கொண்டு எரித்த ஒரே அடுப்பில் சோறு இறங்கியதும், தணலுக்குள் வத்தாளங்கிழங்கு போகும். கூழ்ப்பானையின் அருமை அக்காலத்தில்தான் எமக்குத் தெரிந்தது. ஒடியல்மா, புளி, செத்தல் மிளகாய் மூன்றும் இருந்தால் போதும். பிறகு மீன்தலையோ, நண்டோ, இரண்டும் இல்லாவிட்டால் வெறும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியுமோ, எது கிடைத்தாலும் பானை ஏற்றுக்கொள்ளும். கூழுக்கு அளவுக் குறிப்பு எழுதியவர்களை நாம் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்ப்போம்.

பின்னர் மருத்துவம் படிக்கப் போனபோது அந்தச் சமையலுக்குள் எவ்வளவு அறிவு இருந்ததென்று விளங்கியது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பயறு, பருப்பில் அது தாராளம். இரண்டும் சேரும்போது குறை நிரம்புகிறது. கீரையிலுள்ள கரோட்டினை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். வறைக்குத் தேங்காய்ப்பூ போடுவதால் அது கிடைத்துவிடுகிறது. இலையிலுள்ள இரும்புச்சத்து இலகுவில் உடலில் சேராது. விற்றமின் சி உதவும். சொதியை இறக்கிய பிறகே தேசிக்காய்ப்புளி விட வேண்டும் என்று அம்மாமார் கண்டித்தது சுவைக்காக மட்டும்தான் என்றாலும், கொதிக்கும்போது விட்டால் அந்த விற்றமினில் ஒரு பகுதி அழியும். நெல்லை அவித்துக் குற்றினால் தவிட்டிலுள்ள விற்றமின் பி1 அரிசிக்குள் ஊறிவிடும். தீட்டிய பச்சையரிசியையே நம்பியிருந்த நாடுகளை வாட்டிய பெரிபெரி நோய்க்கு அதுவே காப்பு.

மரவள்ளி பற்றி ஒரு சொல். அதனுடன் இஞ்சி சேர்க்கக்கூடாது என்பது எம்மவர் நம்பிக்கை. மருத்துவர்களாக நாம் வற்புறுத்துவது வேறு: தோலையும் உட்தோலையும் முழுதாக நீக்குங்கள், மூடாமல் அவியுங்கள், அவித்த நீரை ஊற்றிவிடுங்கள். கிழங்கிலிருந்து வெளிப்படும் ஐதரசன் சயனைட் ஆவியாகப் போகக்கூடியது. மூடினால் அது பானைக்குள்ளேயே நிற்கும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, தடைக்காலம் எங்களை ஆரோக்கியமாக வைத்திருந்தது என்று முடித்துவிட எமக்கு மனமில்லை. அப்படிப் பேசுவோர் இப்போது பெருகிவிட்டார்கள். வளவு இருந்தவர்களுக்குத்தான் முருங்கை இருந்தது. முகாமில் இருந்தவர்களுக்கும், கடலுக்குப் போகத் தடைப்பட்ட கரையோர வீடுகளுக்கும் வளவைச் சுற்றிப் பார்த்து என்ன பயன்? இருந்த வீடுகளிலும் கடைசியாகச் சாப்பிட்டவர் அம்மாதான். பிள்ளைகளுக்கும் ஐயாவுக்கும் பகிர்ந்த பின் பானையின் அடியில் மிஞ்சியது அவர் பங்கு. உடனேயே ஒரு தேநீர். தேநீர் இலையின் இரும்புச்சத்தைச் சேரவிடாது என்பது அவருக்கு எவரும் சொல்லாத செய்தி. இன்று எழுபது வயதைத் தாண்டி எமது கிளினிக்கிற்கு வரும் அம்மாமார் பலர், பிள்ளை வளர்த்த காலமெல்லாம் தலைச்சுற்றோடும் களைப்போடும் நடமாடியதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். அது குருதிச்சோகையாக இருந்திருக்கும். அன்று பரிசோதித்தவர் யார்?

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது பலர் கையில் எடுத்தது அரிசியும் ஒரு சட்டியும். தென்மராட்சியில் ஒரே வீட்டில் பல குடும்பங்கள். ஒருவர் அரிசி, ஒருவர் தேங்காய், ஒருவர் விறகு என்று கூட்டிச் சமைத்தே அடுத்த ஏப்ரல் வரை ஓடியது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி பூட்டப்பட்டதும், 2022இல் எரிவாயுவும் பால்மாவும் இல்லாமற் போனதும் இளைய வகுப்பினர் அறிந்தவை, அவர்கள் எழுதட்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து எமது தோழியர் இன்றும் கேட்பது கூழ் பற்றியே. உறைந்த முருங்கையிலையும் ஒடியல்மாவும் தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. முருங்கை இல்லாத இடத்தில் பசளி போதும், நண்டுக்கு மாற்றாக எந்த மீனும் ஆகும். வெள்ளை அரிசியைக் கைப்பிடி அளவுக்கு மேல் போடாதீர்கள். எங்கள் வயதில் நீரிழிவு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆனால் ஒடியல்மாவை மட்டும் அவசரப்படுத்தக்கூடாது. அதன் கைப்பு வெறும் சுவையல்ல, நச்சுத்தன்மையின் அடையாளமும்கூட. நிறைய நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை ஊற்றி, மறுபடியும் நீர் விட்டு ஊற்றி, அடியில் படியும் மாவையே கரைத்து நன்றாகக் கொதிக்கவையுங்கள்.