கிராமத்துக் குளமும் பத்து விழுக்காடும்: சூழலியல் பாடமான வரலாறு

ஆர்தர் டான்ஸ்லி ‘சூழல்மண்டலம்’ என்ற கருத்தை முன்வைத்தது 1935இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை ஒரு பள்ளி ஆசிரியர் பாடமாக்கிவிட்டார். ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் யுங்கே, கிராமத்துக் குளத்தை ஓர் உயிர்ச் சமூகமாக விளக்கும் நூலை 1885இல் வெளியிட்டார்.

இந்தப் பார்வைக்கு வித்திட்டவர் கீல் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் கார்ல் மோபியஸ். வடகடலில் சிப்பி வளர்ப்பைப் பெருக்க முடியுமா என்று அரசு கேட்டதற்கு அவர் ஆராய்ந்து சொன்ன விடை 1877இல் நூலானது. சிப்பியை மட்டும் பார்த்தால் போதாது, படுகையில் உள்ள எல்லா உயிர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார் அவர். பிரான்சுக் கரையில் சிப்பியை அளவுமீறி அள்ளிய இடங்களில் வேறு மட்டி இனங்கள் பெருகியதையும் எடுத்துக்காட்டினார். அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர்களுள் யுங்கேயும் ஒருவர்.

அன்றைய ஜெர்மன் பள்ளிகளில் இயற்கைப் பாடம் என்றால் ஆகுஸ்ட் லூபன் வகுத்த வகைப்பாட்டு முறைதான்: உறுப்புகளை எண்ணு, வேறுபாட்டைச் சொல், வரிசையில் வை. யுங்கே கேள்வியையே மாற்றினார். நீர்வண்டு ஏன் அடிக்கடி மேலே வருகிறது? முன்னிறக்கைக்கு அடியில் காற்றைச் சேர்த்துக்கொண்டு மூழ்கத்தான். எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்று தொடர்ந்து கேட்டால் குளம் முழுவதும் பாடத்துக்குள் வந்துவிடும். குளத்தில் எல்லாம் இசைந்தே இயங்குவதாக அவர் கொண்ட நம்பிக்கை இன்றைய அறிவியலுக்கு ஒவ்வாது. பாட முறையோ இன்றும் பழசாகவில்லை.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். மினசோட்டாவின் சீடர் பாக் ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்ட்மேன், உணவு உறவுகளை ஆற்றல் கணக்காக்கினார். ஊகம் மிகுதி என்று மதிப்பீட்டாளர்கள் தள்ளிய அவரது கட்டுரை, சூழலியல் அறிஞர் ஹட்சின்சன் அதற்காக வாதாடியதால் 1942இல் அச்சேறியது. அதைக் காண லிண்ட்மேன் இல்லை; 27 வயது நிறையும் முன்பே காலமாகிவிட்டார். ஓர் உணவு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே செல்லும் என்னும் ‘பத்து விழுக்காடு விதி’யைத் தமிழ்நாட்டுப் பாடநூல் உட்படப் பலவும் அவர் பெயரில்தான் கற்பிக்கின்றன. ஆனால் சீடர் பாக் ஏரிக்கு அவர் கணக்கிட்ட ஆற்றல் திறன், தாவர உண்ணிகளுக்கு 13.3 விழுக்காடு, அவற்றை உண்பவற்றுக்கு 22.3. மட்டத்துக்கு மட்டம் திறன் மாறுவதே அவர் கண்டது. மாறாத பத்து, கணக்குப் போடவும் திருத்தவும் எளிது என்பதால் நிலைத்தது என்றே கருதத் தோன்றுகிறது.

1953இல் யூஜின் ஓடம் எழுதிய பாடநூல் இந்த ஆற்றல் பார்வையைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய அதிர்ச்சிக்குப் பின் அமெரிக்கா அறிவியல் பாடங்களைத் திருத்தியபோது, சூழலியலை மையமாக்கிய உயிரியல் நூல் ஒன்று 1963இல் உயர்நிலைப் பள்ளிகளை எட்டியது.

இந்தியாவில் உந்துதல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. செயலாக்கம் இழுபட்டதால் 2003இல் மீண்டும் தலையிட்டது. கட்டாயம் என்றதும் பாடத்திட்டமும் தேர்வும் வந்தன. பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்தில் களப்பணியும் உண்டு; பல கல்லூரிகளில் அது பதிவேட்டில் ஒட்டும் படங்களோடு முடிந்துவிடுகிறது.